மூன்று எப்படி ஒன்பது ஆனது?

பெருந்தொற்று வந்து இரண்டாவது வருடம். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. லூனாஸ் என்ற சிறுநகரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடாங் மேஹா பக்கம் உள்ள ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. என் வகுப்பில் இருபத்திரண்டு பேர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயங்கலை வகுப்பு நடத்துவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். மற்ற ஆசிரியர்கள் ஒலிவாங்கியை எங்கே அழுத்துவது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோதே நான் திரையில் ஓடும் படவில்லைகளில் எண்களைப் பறக்கவிட்டேன். சரியான விடைக்குக் கைதட்டல் சத்தம் வரும். முதலில் பதில் போடுகிறவருக்கு நட்சத்திரம் விழும். வேறு பள்ளி ஆசிரியர்கள்கூட என் படவில்லைகளைக் கேட்டு வாங்கிப் போனார்கள். பாடம் முடிந்து "புரியுதா?" என்று கேட்டால் திரை முழுக்கக் கட்டைவிரல்கள் எழும்பும். பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் வித்தை எனக்குக் கைவந்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினேன்.

ஒரே ஒருத்தி மட்டும் கட்டைவிரலைத் தூக்க மாட்டாள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பிலிருந்து வகுப்பில் சேரும் ஒரு மாணவி. நிழற்படக் கருவியைத் திறக்க மாட்டாள், பேசவும் மாட்டாள். எல்லாரும் புரிகிறது என்று சொல்லும் நேரத்தில் உரையாடல் கட்டத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இரண்டே வார்த்தைகள் வந்து விழும்: "புரியல டீச்சர்."

ஆரம்பத்தில் பொறுமையாகத்தான் இருந்தேன். அதே படவில்லையை மறுபடியும் ஓட்டிக் காட்டுவேன். எண்கள் மறுபடியும் பறக்கும். "இப்ப புரியுதா மா?" என்பேன். "புரியல டீச்சர்." மற்றப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், அடுத்த புதிர் எப்போது என்று கேட்பார்கள். கையில் இருப்பது நாற்பது நிமிடம். "அப்புறம் தனியா சொல்றேன் மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை.

அன்று திங்கட்கிழமை. பின்னங்களைக் கூட்டும் பாடம் இரண்டாவது வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அன்றைக்கு மட்டும் நான்கு முறை "புரியல" போட்டாள். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் பாடத்தை முடித்து, எல்லாருக்கும் கையசைத்து, படவில்லைகளை மூடினேன். வகுப்பையும் மூடிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அதே நேரம் கைப்பேசி அடித்தது. அதே பள்ளியில் நான்காம் ஆண்டுக்குப் பாடம் நடத்தும் என் தோழி. தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த சத்தத்தில் நான் உரக்கவே பேசினேன்.

"கிளாஸ் எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு லா. அந்த ஒரு பொண்ணு இருக்கே, அதுக்கு எத்தன தடவ சொன்னாலும் மண்டையில ஏறாது. அது ஒன்னால மத்த புள்ளைங்க டைம் எல்லாம் வேஸ்ட்டு. பேசாம அது வராம இருந்தா நான் நிம்மதியா பாடம் நடத்திட்டுப் போவேன்."

எந்தப் பொண்ணு என்று தோழி கேட்டாள். நான் பெயரையும் சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மேசைப் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "டீச்சர், மைக் ஆஃப் பண்ணல."

ஓடிப்போய்ப் பார்த்தேன். வகுப்பு திறந்தேதான் இருந்தது. ஒன்பது பேர் இன்னும் உள்ளே இருந்தார்கள். பாடம் முடிந்த பிறகும் சிலர் தினமும் இப்படித் தங்கி அரட்டை அடிப்பார்கள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கூட்டாளிகளைப் பார்க்க அந்தப் பிள்ளைகளுக்கு வேறு இடம் இருக்கவில்லை. அந்த ஒன்பது பெயர்களில் அவள் பெயரும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயர் மட்டும் மறைந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது அவளைப் பற்றிய நினைப்பில்லை. யாராவது நான் பேசியதைப் பதிவு செய்திருப்பார்களோ, தலைமையாசிரியர் வரை போகுமோ என்றுதான் பயந்தேன். அவள் ஞாபகம் வந்தது சாயங்காலம்தான். வந்த பிறகு போகவில்லை.

மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. அவளுடைய அம்மாவின் எண்ணுக்கு, நேற்று ஒரு தவறு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். படித்துவிட்டார் என்பது தெரிந்தது. பதில் இல்லை. புதன்கிழமை வகுப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவிலிருந்து அந்த எண் வெளியேறியது. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு செய்தி வந்தது. "வணக்கம் டீச்சர். மகள வேற ஸ்கூலுக்கு மாத்தலாம்னு இருக்கோம். அதுக்கு என்ன ஃபாரம் எடுக்கணும், எங்க எடுக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்க. நன்றி."

திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த 'வணக்கமும் நன்றியும்' என்னைச் சும்மா உட்காரவிடவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை போனாலே வெற்றிடம் பெரிதாகத் தெரியும். அதுவும் என் வாயால் ஒரு பிள்ளை தமிழ்ப்பள்ளியை விட்டுப் போகப்போகிறது.

எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. மாவட்டத்துக்குள் போய்வரலாம் என்று அப்போது அனுமதி கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை நானே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கூட வருகிறேன் என்று சொன்ன கணவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வழி நெடுக என்ன பேசுவது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு முன்னால் ஊர்ந்த லோரியை முந்த முடியாமல் போனதில் ஒத்திகைக்கு நிறைய நேரம் கிடைத்தது.

அவளுடைய அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். இரவு வேலை முடிந்து காலையில்தான் திரும்பியிருந்தார். சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் முகக்கவரியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "வாங்க டீச்சர்" என்று சொல்லி வாசலில் நாற்காலி போட்டார். தானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"நான் வேணும்னு சொல்லல மா. அன்னிக்கு ரொம்பக் களைப்பு..." என்று ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தேன்.

"டீச்சர்," என்று இடைமறித்தார். குரல் உயரவில்லை. "நான் அப்ப அடுப்படியிலதான் இருந்தேன். போனு அங்கதான் சார்ஜ்ல இருந்துச்சு. அவளும் கேட்டா, நானும் கேட்டேன். களைப்பு எனக்கும் தெரியும். பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேல செய்றேன். களைப்புல மனுசனுக்குக் கோவம் வரும், அது சரி. ஆனா நீங்க கோவமா பேசல டீச்சர். சிரிச்சிக்கிட்டுப் பேசுனீங்க."

ஒத்திகை பார்த்ததை அப்படியே விட்டேன்.

"தப்புதாம்மா," என்றேன். "மன்னிச்சிருங்க."

"என்கிட்ட கேட்டு என்ன ஆவப்போவுது? மனசு ஒடஞ்சது அவளுக்கு. கேட்டதும் அவ கூட்டாளிங்க."

உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். கதவை ஒட்டி நின்றாள். கடைசியாக நேரில் பார்த்ததைவிட நன்றாக வளர்ந்திருந்தாள். நான் எழுந்து நின்று, அவள் பெயரைச் சொல்லி, "டீச்சர் பேசுனது ரொம்பத் தப்பு மா, என்னை மன்னிச்சிரு" என்றேன். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், வந்த வேலை முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் திரும்பி வந்தாள். கையில் கணிதப் பயிற்சிப் புத்தகம்.

"நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் டீச்சர்," என்று சொல்லிப் புத்தகத்தை நீட்டினாள்.

வாங்கிப் புரட்டினேன். நான் நடத்திய ஒவ்வொரு பாடமும் தேதி போட்டு எழுதப்பட்டிருந்தது. படவில்லையில் வந்த ஒவ்வொரு வரியும் விடாமல் இருந்தது. அங்கங்கே சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். என்ன வட்டம் என்று கேட்டேன். "புரியாத எடம்" என்றாள். இரண்டு வாரப் பின்னக் கணக்குகளைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் வட்டம் இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறைத்தது. எல்லா வட்டங்களும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் போடப்பட்டிருந்தன.

"இந்த எடத்துல என்ன மா புரியல?"

"நாலு எப்படிப் பன்னெண்டு ஆச்சுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். மூனால பெருக்குனீங்க. ஆனா மேல இருக்கிற மூனு எப்படி ஒம்பது ஆச்சு? அது நட்சத்திரமா மின்னிட்டு மாறிடுச்சு."

எனக்கு மிகவும் பிடித்த படவில்லை அது. நான்கில் மூன்றோடு ஆறில் ஒன்றைக் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் கீழ் எண்ணைப் பன்னிரண்டாக்க வேண்டும். கீழே நான்கை மூன்றால் பெருக்குவதை எழுதியிருந்தேன். மேலே உள்ள மூன்றைத் தொட்டால் நட்சத்திரம் மின்னி அது ஒன்பதாகிவிடும். கீழே எதால் பெருக்குகிறோமோ மேலேயும் அதே எண்ணால் பெருக்க வேண்டும், அப்போதுதான் அளவு மாறாது என்ற வரி அதில் எங்கேயுமே இல்லை. பள்ளியில் பலகை முன்னால் நின்றிருந்தால் வாய் தானாகச் சொல்லியிருக்கும். திரையில் அந்த வேலையை நட்சத்திரத்திடம் விட்டுவிட்டேன். அவள் கேட்கும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டியதும் அந்த நட்சத்திரத்தைத்தான்.

"இத ஏன் மா அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி.

"சொன்னேன் டீச்சர். புரியலன்னு சொன்னேன்."

"எந்த எடம்னு..."

"நீங்க கேக்கல."

அவளுடைய அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இவளுக்கு மண்டையில ஏறாதுன்னு இல்லயா டீச்சர்?" என்றார்.

"இல்லம்மா. நான்தான் ஒரு படிய விட்டுட்டுப் பாடம் நடத்தியிருக்கேன். அதக் கண்டுபிடிச்சது இவ ஒருத்திதான்."

அவர் முகக்கவரியை இறக்கி, கையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். "இத ஞாயித்துக்கெழம கிளாஸ்ல சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"அப்ப பாப்போம்," என்றார். அதற்கு மேல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

இடையில் இருந்த சனிக்கிழமை எனக்கு நீளமான நாள். விஷயத்தைக் கேட்ட தோழி, "புள்ளைங்க எல்லாம் மறந்திருக்கும் லா. நீயே எதுக்குக் கெளப்புற?" என்றாள். அப்படியே விட்டுவிடலாமா என்ற ஆசை எனக்கும் வராமல் இல்லை. பதினாறு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் முன்னால் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனாலும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாயிற்று. அந்த அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டால் பின்வாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வகுப்பைத் திறந்தேன். ஒவ்வொரு பெயராக உள்ளே வந்தது. இருபத்தொன்று. அவள் பெயர் இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். அவள் வந்தாலும் வராவிட்டாலும் கேட்டவர்கள் இவர்கள்தானே என்று ஆரம்பித்துவிட்டேன். படவில்லை எதுவும் இல்லை. என் முகம் மட்டும்தான்.

"திங்கக்கிழம நான் உங்க கூட்டாளிய பத்திப் பேசுனத சில பேரு கேட்டிருப்பீங்க. கேக்காதவங்களுக்கு மத்தவங்க சொல்லியிருப்பாங்க. நான் பேசுனது தப்பு. அவளுக்கு ஏறலன்னு சொன்னேன். ஆனா நான்தான் பாடத்துல ஒரு படிய விட்டுட்டேன். ரெண்டு வாரமா அத என்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தது அவதான். நான்தான் காதுல வாங்கல. அவகிட்ட நான் மன்னிப்புக் கேக்குறேன். உங்ககிட்டயும் கேக்குறேன்."

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மூலையில் இருந்த எண் இருபத்திரண்டு ஆகியிருந்தது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அது அவளுக்கு இன்னொரு தண்டனையாகிவிடும் என்று பட்டது.

"இப்ப ஒரே ஒரு கணக்கு," என்றேன். "நட்சத்திரம் இல்ல, நேரம் இல்ல. நாலுல மூனு, அதோட ஆறுல ஒன்னு. தாள்ல செஞ்சு படம் எடுத்து அனுப்புங்க. பாதியில நின்னுபோனா, எந்த எடத்துல நின்னீங்களோ அங்க ஒரு வட்டம் போட்டு அனுப்புங்க."

படங்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது என் கெட்டிக்காரத்தனம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. நான்கு பேர் சரியாகச் செய்திருந்தார்கள். சிலர் மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டிப் பத்தில் நான்கு என்று எழுதியிருந்தார்கள். மற்ற அத்தனை பேரும் வட்டம் போட்டிருந்தார்கள். அதே இடத்தில். போன வாரம் முழுக்கக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள் இவர்கள்தான்.

"அப்புறம் ஏன் புரியுதுன்னு போட்டீங்க?" கோபமில்லாமல்தான் கேட்டேன்.

ஒரு மாணவன் ஒலிவாங்கியைத் திறந்தான். "எல்லாரும் போட்டாங்க டீச்சர், நானும் போட்டேன்."

இன்னொருத்தி, "புரியலன்னு சொன்னா திரும்பவும் அதையே போடுவீங்க, கேம் வெளாட டைம் இருக்காது டீச்சர்" என்றாள். எங்கெங்கிருந்தோ சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆளுக்கொரு வெள்ளைத் தாளை எடுக்கச் சொன்னேன். நெடுக்கில் நான்காக மடித்து, பிரித்து, மூன்று பாகத்துக்கு நிறம் தீட்டச் சொன்னேன். பிறகு அதே தாளைக் குறுக்கில் மூன்றாக மடித்துப் பிரிக்கச் சொன்னேன். "இப்ப மொத்தம் எத்தன கட்டம்?" பன்னிரண்டு என்றார்கள். "நெறம் தீட்டுனது?" ஒன்பது. "நெறம் கூடிப்போச்சா, கொறஞ்சிப்போச்சா?" அப்படியேதான் இருக்கிறது என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன.

அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு சதுரம் வெளிச்சமானது. ஒரு பையன் தன் தாளைத் தூக்கிக் காட்டினான். அடுத்து இன்னொன்று. நிழற்படக் கருவியைத் திறங்கள் என்று நான் மாதக்கணக்கில் கெஞ்சியிருக்கிறேன், மிரட்டியிருக்கிறேன். அன்று யாரும் கேட்காமலே தாளைக் காட்டுவதற்காகத் திறந்தார்கள். ஒரு வீட்டில் காயப்போட்ட துணிகள் தெரிந்தன. இன்னொரு வீட்டில் கைலி கட்டிய அப்பா குனிந்தபடி ஓடினார்.

கடைசியாக ஒரு சதுரத்தில் பச்சை நிறம் தீட்டிய தாள் முழுக்க நிறைந்து நின்றது. முகம் தெரியவில்லை. தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. அவள்தான்.

"டீச்சர், ஒவ்வொரு பாகமும் மூனு துண்டாச்சு," என்றாள். "நெறம் தீட்டுனதும் துண்டாச்சு, தீட்டாததும் துண்டாச்சு. அதனாலதான் மேலயும் மூனால பெருக்கணும், கீழயும் மூனால பெருக்கணும். சரிதானே டீச்சர்?"

சரி என்றேன். நான் சொல்லியிருந்தால் இதைவிட நீளமாகச் சொல்லியிருப்பேன். "எங்க, இன்னொரு தடவ சொல்லு" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் தாளைக் காட்டி மறுபடியும் சொன்னாள். பள்ளி மூடியதிலிருந்து அவள் குரலை வகுப்பில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மாற்றல் ஃபாரத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அன்று சாயங்காலம் அந்த எண்ணை மறுபடியும் குழுவில் சேர்த்தபோது எந்தப் பதிலும் வரவில்லை. வெளியேறவும் இல்லை.

அதோடு எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இணைப்பு கிடைக்காமல் இரண்டு பிள்ளைகள் பாதி நாள் வராமல்தான் இருந்தார்கள். நட்சத்திரம் இருந்தால்தான் ஜாலி என்று ஒரு பையன் கடைசி வரை முறையிட்டான். படவில்லைகளை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை, குறைத்துக்கொண்டேன். 'புரியுதா' என்று கேட்பதை மட்டும் அடியோடு விட்டுவிட்டேன். எங்கே நின்றுபோனது என்று கேட்பேன். வட்டம் போட்ட தாள்கள் வரும். மறுநாள் பாடம் அங்கிருந்து தொடங்கும். வராமல் இருந்தவர்கள்கூட, தங்கள் வட்டத்துக்கு டீச்சர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்க வந்தார்கள்.

போன வருடம் லூனாஸ் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அவளையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். கணிதம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "சுசாதான் டீச்சர், கஷ்டமாத்தான் இருக்கு. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். கணக்குச் சிகு திட்டுவாரு, ஆனா சொல்லிக் குடுப்பாரு," என்று சொல்லிச் சிரித்தாள். அவளுடைய அம்மா மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் ஒரு எட்டு தள்ளியே நின்றார். அன்று நான் சிரித்ததை அவர் மறந்திருக்க மாட்டார், மறக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

பள்ளி திறந்து, நேருக்கு நேர் பாடம் நடத்த ஆரம்பித்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் என் வகுப்பில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி "புரியல டீச்சர்" என்று சொல்லும்போது, நான் சொல்வதை ஒருவராவது உண்மையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற தெம்போடுதான் பலகைப் பக்கம் திரும்புகிறேன்.